ஒரே பாட்டுக்கு இரண்டு விலை: அரிய சோல் இசைத்தட்டுகள் ஓர் அறிமுகம்

1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த ரெவிலாட் என்ற சிறு நிறுவனம், டேரல் பேங்க்ஸ் என்ற சோல் பாடகரின் ‘ஓப்பன் த டோர் டு யுவர் ஹார்ட்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டது. தட்டு நன்றாக விற்றது. கறுப்பின மக்களின் இசைக்கென இருந்த விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. ஏராளமாக அச்சானதால் அந்த அமெரிக்கத் தட்டு இன்றும் சொற்ப விலைக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. அதே பாடலை அதே ஆண்டில் பிரிட்டனில் வெளியிட லண்டன் என்ற லேபிள் (தட்டு வெளியிடும் நிறுவனப் பெயர்; தட்டின் நடுவில் ஒட்டிய காகிதத்துக்கும் இதே சொல்தான்) ஏற்பாடு செய்திருந்தது. ஆனால் உரிமை கைமாறி ஈஎம்ஐ நிறுவனத்தின் ஸ்டேட்சைட் லேபிளுக்குப் போய்விட்டதால், லண்டன் லேபிள் தன் தட்டைக் கைவிட வேண்டியதாயிற்று. வானொலிக்கும் பத்திரிகைகளுக்கும் முன்கூட்டியே அனுப்பிய மாதிரிப் பிரதிகள் சில தப்பிப் பிழைத்தன. கடையில் விற்பதற்கென அச்சிட்ட பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றே சேகரிப்பாளர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அப்படியொரு பிரதி 2014-ஆம் ஆண்டில் வெளிப்பட்டபோது, ஏலத்தில் 14,543 பவுண்டுக்கு விலைபோனது.

இரண்டு தட்டிலும் இருப்பது ஒரே குரல், ஒரே ஒலிப்பதிவு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது மலிவு, எது பல்லாயிரம் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தத் துறைக்குள் புதிதாக நுழைகிறவர் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டிய செய்தி இதுதான்: இங்கே விலை பாட்டுக்கு அன்று, அந்தப் பாட்டைச் சுமக்கும் குறிப்பிட்ட ஓர் அச்சுக்கு. பாட்டை ரசிக்கத் தெரிந்திருப்பது வேறு, தட்டைப் படிக்கத் தெரிந்திருப்பது வேறு. முதலாவது மட்டும் தெரிந்தவர் மகிழ்ச்சியாக இருப்பார்; ஆனால் வாங்கவோ விற்கவோ இறங்கினால் ஏமாந்து போவார்.

சோல் என்பது 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டுமுறையும் ரிதம் அண்ட் புளூஸ் இசையும் கலந்து உருவான பாணி. அதன் பொற்காலமான 1960-களில் அது பெரும்பாலும் 7 அங்குலத் தட்டுகளில்தான் வெளிவந்தது. நிமிடத்துக்கு 45 முறை சுழல்வதால் இத்தட்டுக்குச் சேகரிப்பாளர்களிடையே ‘45’ என்றே பெயர். 1949-இல் ஆர்சிஏ விக்டர் நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்த வடிவத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடப் பாடல் ஒன்று அடங்கும். நடுவில் பெரிய துளை இருக்கும். படம் போட்ட அட்டை உறையெல்லாம் பொதுவாகக் கிடையாது. நிறுவனத்தின் பெயர் பொறித்த காகித உறைதான். அரிய சோல் தட்டு என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சிறு தட்டுகளைத்தான் குறிக்கிறார்கள். பல பாடல்கள் அடங்கிய நீண்ட (எல்பி) தட்டுகளுக்கும் சந்தை உண்டு. ஆனால் பித்து முழுவதும் 45-இன் மேல்தான்.

அமெரிக்காவில் பிறந்த இந்த இசையின் அரிய தட்டுகளுக்கான சந்தை இங்கிலாந்தில் உருவானது என்பதுதான் இக்கதையின் விசித்திரம். மான்செஸ்டர், விகன் போன்ற வட இங்கிலாந்துத் தொழில் நகரங்களின் இளைஞர்கள் 1960-களில் டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனம் வெளியிட்ட வேகமான, துள்ளலான நடனப் பாடல்களுக்கு அடிமையானார்கள். மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல் மன்றத்தில் இரவு முழுவதும் நடனம் நடந்தது. பத்தாண்டின் இறுதியில் அமெரிக்க இசை, தாளத்தை முன்னிறுத்தும் ஃபங்க் பாணியின் பக்கம் திரும்பியபோது, லண்டன் அதைப் பின்தொடர்ந்தது, வடக்கு மறுத்துவிட்டது. லண்டனில் ‘சோல் சிட்டி’ என்ற இசைத்தட்டுக் கடையை நடத்தியவரும் இசைப் பத்திரிகையாளருமான டேவ் காடின், கால்பந்து பார்க்க வடக்கிலிருந்து வரும் இளைஞர்கள் தம் கடையில் புதிய பாடல்களைச் சீந்தாமல் பழைய பாணித் தட்டுகளையே தேடுவதைக் கவனித்தார். கடை ஊழியர்களுக்குப் புரிவதற்காக அவர் அந்த ரசனைக்கு இட்ட பெயர்தான் ‘நார்தர்ன் சோல்’. 1970-இல் அவர் அதைப் பத்திரிகையில் எழுத, பெயர் நிலைத்துவிட்டது.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. அந்தப் பாணியில் புதிய பாடல்கள் வருவது நின்றுவிட்டது. ஆனால் நடனமாடுகிறவர்களுக்கு வாராவாரம் புதிது வேண்டும். அப்படியானால், முன்பே பதிவாகி யாரும் கேட்காமல் போன பழைய பாடல்களைக் கண்டெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. மன்றங்களில் தட்டுகளை ஒலிக்கவிடும் டிஜேக்கள் அமெரிக்காவுக்குப் பறந்து, மூடிய கடைகளின் கிடங்குகளிலும் பழைய சரக்கு வாங்கி விற்பவர்களின் குவியல்களிலும் புகுந்து தேடினார்கள். 1973-இல் அப்படிப் போன ரிச்சர்ட் சர்லிங் என்ற டிஜே, குளோரியா ஜோன்ஸ் 1960-களின் நடுவில் பாடி, அப்போது எந்தப் பட்டியலிலும் இடம்பெறாமல் போன ‘டெய்ன்டட் லவ்’ தட்டை வாங்கி வந்தார். வட இங்கிலாந்து மன்றங்களில் அது பற்றிக்கொண்டது. 1981-இல் சாஃப்ட் செல் என்ற பிரிட்டிஷ் இசைக்குழு அதே பாடலை மறுபடி பாடிப் பட்டியலின் முதலிடத்துக்குக் கொண்டுபோனது. முதலில் அது ஒரு தோற்ற தட்டின் பின்பக்கப் பாட்டாக இருந்தது என்பது அன்று வாங்கியவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

தோற்ற தட்டு என்று சொன்னேன். அரிய சோல் தட்டின் இலக்கணமே அதுதான். மோடவுனின் வெற்றியைப் பார்த்து 1960-களில் டெட்ராய்ட், சிகாகோ, ஃபிலடெல்ஃபியா, லாஸ் ஏஞ்சலஸ் நகரங்களில் நூற்றுக்கணக்கான குட்டி நிறுவனங்கள் முளைத்தன. கையிருப்பைத் திரட்டி, ஒரு பாடலைப் பதிவு செய்து, சில நூறு பிரதிகளோ ஓராயிரமோ அச்சடித்து, உள்ளூர் வானொலி அறிவிப்பாளர்களுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். வானொலி ஒலிபரப்பினால் பிழைப்பு. இல்லாவிட்டால் மீதித் தட்டுகள் கார் ஷெட்டிலோ குப்பையிலோ போய்ச் சேரும். பாட்டு மட்டமாக இருந்ததால் தோற்றவை சில. அந்த வாரம் வேறு நூறு பாட்டுகள் வந்துவிட்டதாலும், விநியோகஸ்தருக்குக் கொடுக்கப் பணம் இல்லாததாலும் தோற்றவையே பல. நன்றாக விற்ற தட்டு அரிதாக முடியாது; நன்றாக இருந்தும் விற்காமல் போனதுதான் அரிதாக முடியும். ஆகவே இந்தச் சேகரிப்பு முழுவதும் ஒருவகையில் பிறரது தோல்விகளின் சேகரிப்பே.

இதற்கு உச்சமான எடுத்துக்காட்டு, ஃபிராங்க் வில்சன் பாடிய ‘டூ ஐ லவ் யூ (இண்டீட் ஐ டூ)’. மோடவுனில் பணியாற்றிய வில்சன் 1965-இல் இதைப் பதிவு செய்தார். நிறுவனத்தின் துணை லேபிளான ‘சோல்’ பெயரில் முன்னோட்டப் பிரதிகள் அச்சாகின. பாடகராவதா, பாடல்களை உருவாக்கும் தயாரிப்பாளராகவே நீடிப்பதா என்ற கேள்வி வந்தபோது வில்சன் இரண்டாவதைத் தேர்ந்தார். தட்டு வெளிவரவில்லை, பிரதிகள் அழிக்கப்பட்டன. விரல் விட்டு எண்ணத்தக்க சிலவே தப்பின. 1970-களில் ஒரு பிரதி பிரிட்டனை எட்டியது. அதிலிருந்து நகல் எடுத்து, எடி ஃபோஸ்டர் என்ற பொய்ப் பெயர் போட்டு, திருட்டுத்தனமாகவும் விற்றார்கள். 1979-இல் மோடவுனின் பிரிட்டிஷ் லேபிளான டாம்லா மோடவுன் அதைப் பிரிட்டனில் முறையாக மறுவெளியீடு செய்தது. பாட்டு இன்று யாருக்கும் எட்டாத ஒன்றன்று. கைப்பேசியில் நொடியில் கேட்கலாம். ஆனாலும் மூல அச்சின் ஒரு பிரதி 2009-இல் 25,742 பவுண்டுக்கும், 2020-இல் ஒரு பிரதி 1,00,000 பவுண்டுக்கும் விற்றன.

எண்ணிக்கை குறைவு என்பது மட்டும் விலையைத் தந்துவிடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உலகில் மூன்றே பிரதிகள் உள்ள, எவரும் விரும்பாத சோல் தட்டுகள் எத்தனையோ உண்டு. குறைவாக இருக்க வேண்டும், அதே சமயம் பலர் அதை வேண்ட வேண்டும். வேண்டுதலை உண்டாக்குகிறவர் டிஜே. 1973 செப்டம்பரில் தொடங்கி 1981 டிசம்பரில் மூடப்பட்ட விகன் கேசினோ என்ற நடன மன்றத்தில் நள்ளிரவு தாண்டி 2 மணிக்குத் தொடங்கும் நடனம் காலை 8 மணி வரை நடக்கும். மது விற்பனை கிடையாது. அங்கே ஒரு தட்டு நடனத் தளத்தை நிரப்பிவிட்டால் மறுநாள் அதைத் தேடி நூறு பேர் அலைவார்கள். அதனால் தன்னிடம் மட்டும் உள்ள பாட்டின் பெயர் வெளியே தெரியக்கூடாது என்று டிஜே லேபிளின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி, பாடகருக்கும் பாட்டுக்கும் கற்பனைப் பெயர் சூட்டி அறிவிப்பார். ‘கவர்-அப்’ என்று இதற்குப் பெயர். ஜமைக்காவில் பெரிய ஒலிபெருக்கிகளை வைத்து நடன இரவு நடத்திய சவுண்ட் சிஸ்டம் உரிமையாளர்கள் 1950-களிலேயே லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தட்டை ஒலிக்கவிட்டவர்கள், அதே தந்திரந்தான். கவர்-அப் குட்டு உடைந்து உண்மைப் பெயர் வெளிப்பட்ட நாளிலிருந்து அந்தத் தட்டின் விலை புதுக் கணக்கில் ஓடும்.

வேண்டுதல் காலத்துக்குக் காலம் இடமும் மாறும். நார்தர்ன் சோல் வேகமான நடனப் பாட்டுகளை நாடியது. கலிஃபோர்னியாவில், தாழ்வாக இறக்கிய பழைய கார்களை அலங்கரித்து மெல்ல ஓட்டும் மெக்சிக வம்சாவளி இளைஞர்கள், உருகிப் பாடும் மெதுவான குழுப் பாடல்களை நெடுங்காலமாகப் போற்றி வருகிறார்கள். ‘ஸ்வீட் சோல்’ எனப்படும் அந்தத் தட்டுகள், முன்பு நடனத்துக்கு ஆகாதவை என்று இங்கிலாந்தில் ஒதுக்கப்பட்டவை, இப்போது நல்ல விலை பெறுகின்றன. புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர் எல்லாவற்றையும் துரத்தாமல் தமக்குப் பிடித்த ஒரு கிளையைப் பிடித்துக்கொள்வது நல்லது. ஒரு நகரத்தையோ ஒரு லேபிளையோ நன்றாக அறிந்தவருக்குக் கிடைக்கும் லாபம், எல்லாவற்றையும் மேலோட்டமாக அறிந்தவருக்குக் கிடைப்பதில்லை.

இனித் தட்டைப் படிப்பது எப்படி என்று பார்ப்போம். முதலில் லேபிள். விற்பனைக்கான பிரதி ‘இஷ்யூ’ அல்லது ‘ஸ்டாக்’ எனப்படும். வானொலிக்கு இலவசமாகக் கொடுத்தது ‘டெமோ’ அல்லது ‘புரமோ’. அமெரிக்க டெமோக்கள் பெரும்பாலும் வெள்ளை லேபிளில், விற்பனைக்கு அன்று என்ற குறிப்போடு வரும். பிரிட்டிஷ் டெமோக்களில் முக்கியப் பக்கத்தைக் காட்டப் பெரிய ‘ஏ’ எழுத்து அச்சாகியிருக்கும். எது உயர்ந்த விலை என்பதற்குப் பொதுவிதி கிடையாது. சில பாடல்களில் டெமோ அரிது, சிலவற்றில் டேரல் பேங்க்ஸின் லண்டன் தட்டைப் போல இஷ்யூ அரிது, ஃபிராங்க் வில்சனைப் போல டெமோ மட்டுமே உள்ளவையும் உண்டு. ஒவ்வொரு தட்டையும் அதனதன் வரலாற்றோடு தெரிந்துகொள்ள வேண்டியதுதான். இதிலிருந்து தப்பிக்கக் குறுக்கு வழி எதுவும் இல்லை.

அடுத்து, தட்டு எந்தப் பொருளால் ஆனது என்பது. வினைல் என்ற பொதுப்பெயரால் எல்லாத் தட்டையும் அழைக்கிறோம். உண்மையில் 1960-களின் அமெரிக்க 45-களில் பெருந்தொகையானவை வினைல் அல்ல. ஸ்டைரின் என்ற வேறு பிளாஸ்டிக்கால் ஆனவை. வினைலைச் சூடாக்கி இரண்டு அச்சுகளுக்கிடையே வைத்து நசுக்கும்போது லேபிள் காகிதமும் சேர்ந்தே பதிந்துவிடும். ஸ்டைரினை உருக்கி அச்சுக்குள் பாய்ச்சுவார்கள். லேபிளைப் பிறகு பசையால் ஒட்டுவார்கள். ஆகையால் லேபிள் உரிந்து எழும்பியிருந்தால் அது ஸ்டைரினாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஸ்டைரின் தட்டு விறைப்பாக இருக்கும், வளையாது. விளிம்பு செங்குத்தாக வெட்டியது போலிருக்கும். நகத்தால் தட்டிப் பார்த்தால் ஒலி கூர்மையாகக் கேட்கும். புதிதாக இருக்கையில் அது மிக நன்றாக ஒலிக்கும்; ஆனால் தேய்ந்த ஊசியோடு பத்து முறை ஓட்டினால் ஊசி ஓடும் பள்ளம் சிதைந்து இரைச்சல் ஏறிவிடும். பார்வைக்குப் பளபளவென்று இருந்து, ஓட்டினால் எண்ணெய்ச் சட்டி போலப் பொரியும் தட்டுகள் பெரும்பாலும் இந்த வகையே. எனவே ஸ்டைரின் தட்டைப் பார்வையை மட்டும் நம்பி வாங்கக்கூடாது.

மூன்றாவது, என் கருத்தில் மிக முக்கியமானது, லேபிளைச் சுற்றிப் பாட்டு முடியும் வெற்று வளையம். அங்கே கையால் கீறியோ முத்திரையால் பதித்தோ சில எண்களும் எழுத்துகளும் இருக்கும். இதை ‘மேட்ரிக்ஸ்’ எண் என்பார்கள். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். எந்த ஒலிக்கூடத்தில் மூலத்தகடு வெட்டப்பட்டது, எந்த ஆலையில் அச்சானது என்பதற்கான தடயங்கள் இங்கேதான் ஒளிந்திருக்கின்றன. லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலையில் அச்சான தட்டுகளில் ஒரு சிறு முக்கோணமும் அதையடுத்து ஓர் எண்ணும் கீறப்பட்டிருக்கும். அந்த எண் வரிசையை வைத்து ஆண்டையே கணித்துவிடுவார்கள். நியூயார்க்கின் பெல் சவுண்ட் ஒலிக்கூடம் தன் பெயரையே முத்திரையாகப் பதித்தது.

இந்தத் துப்பறியும் வேலை எதற்கு என்றால், போலிகளுக்காக. 1970-களிலேயே, வேண்டுதல் ஏறிய அரிய தட்டுகளைப் பார்த்து அதே லேபிளை அச்சடித்து, பாட்டைத் தட்டிலிருந்தே நகலெடுத்து விற்கத் தொடங்கிவிட்டார்கள். ‘பூட்’ என்று சந்தையில் இவற்றைச் சுருக்கமாகச் சொல்வார்கள். அந்தப் போலிகளுக்கே இன்று ஐம்பது வயது ஆகிவிட்டதால், பழையதாக இருக்கிறது, மஞ்சள் ஏறியிருக்கிறது என்பதெல்லாம் சான்றாகாது. ஒப்பிட்டுப் பார்ப்பதே வழி. மூலத்தில் மேட்ரிக்ஸ் முத்திரையாகப் பதிந்திருப்பதாக அறியப்பட்ட தட்டில் அது கைக்கீறலாக இருந்தால் ஐயப்பட வேண்டும். ஸ்டைரினில் மட்டுமே அச்சானதாக அறியப்பட்ட பாடல் வினைலில் வந்தால் ஐயப்பட வேண்டும். லேபிளின் சிறு எழுத்துகள் புகைப்படத்தைப் புகைப்படம் எடுத்தது போல மங்கியிருந்தாலும் அப்படியே. அரியதொரு தட்டு, புத்தம் புதிதாக, ஒரே விற்பனையாளரிடம் ஐந்து பிரதிகள் இருந்தால், ஐயப்படக்கூட வேண்டியதில்லை, நடையைக் கட்டலாம்.

மறுவெளியீட்டைப் போலியோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. 1982 முதல் இங்கிலாந்தின் ஏஸ் ரெக்கார்ட்ஸ் தன் கென்ட் லேபிளில் உரிமை பெற்று, ஒலிப்பதிவு நாடாவிலிருந்தே எடுத்து, பழைய சோல் பாடல்களை வெளியிட்டு வருகிறது. தரம் சிறப்பாக இருக்கும். பாடியவருக்கோ உரிமையாளருக்கோ பணமும் போகும். 14,543 பவுண்டு ஏலத்தில் பாடகருக்குப் போவது ஒரு காசும் இல்லை. டேரல் பேங்க்ஸ் 1970-லேயே டெட்ராய்ட்டில் சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டார். பழந்தட்டுச் சந்தையில் மூலப் பிரதி எத்தனை முறை கைமாறினாலும் அதைப் பாடியவருக்கு அதில் பங்கில்லை என்ற உண்மை எனக்கு எப்போதும் சற்று உறுத்தலாகவே இருக்கிறது. இருந்தும், நடன இரவுகள் பலவற்றில் மூலத் தட்டை மட்டுமே டிஜே ஒலிக்கவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு இருக்கிறது. இதை வெறும் வீம்பு என்று சிலர் இகழ்கிறார்கள். தேடி, செலவழித்து, அறிந்து சேர்த்தவருக்கும், நேற்று ஒரு கோப்பைத் தரவிறக்கியவருக்கும் வேறுபாடு வேண்டும் என்பது மற்றவர்களின் வாதம். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கட்டுப்பாடுதான் விலையைத் தாங்கிப் பிடிக்கும் தூண்களில் ஒன்று என்பதைப் புதியவர் அறிந்திருக்க வேண்டும்.

தட்டு அசல் என்று உறுதியான பிறகு, அதன் நிலை. அமெரிக்காவின் ‘கோல்ட்மைன்’ இதழ் வகுத்த தரவரிசையே உலகெங்கும் பெரும்பாலும் வழங்குகிறது: மிண்ட், நியர் மிண்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட் என்று இறங்கும். இதில் ‘குட்’ என்ற சொல்லைப் பார்த்து ஏமாறாதவர் குறைவு. ‘குட்’ என்றால் நல்லது என்று பொருளன்று. பாட்டு ஊசி தாவாமல் ஓடும், ஆனால் இரைச்சலும் கீறலும் நிறைய இருக்கும் என்றுதான் பொருள். அந்த இதழின் கணக்குப்படி, நியர் மிண்ட் நிலையில் உள்ள தட்டின் விலையில் பாதிதான் வெரி குட் பிளஸ் பெறும். வெரி குட் என்றால் கால் பங்கு. குட் என்றால் பத்தில் ஒரு பங்கோ சற்று மேலோ. பிரிட்டனில் இடையே ‘எக்ஸலன்ட்’ என்ற படியும் சேரும். மிக அரிய தட்டுகளுக்கு இந்தக் கணக்கு தளரும். மூன்றே பிரதி உள்ள ஒன்றில் கீறல் இருக்கிறது என்று யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஆனால் நடுத்தர விலைத் தட்டுகளில் ஒரு படி வித்தியாசம் என்பது பாதிப் பணம். விற்பவர் கண்ணால் பார்த்துத் தரம் சொன்னாரா, ஓட்டிக் கேட்டுச் சொன்னாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது வாங்குபவரின் கடமை.

லேபிளில் பேனாக் கிறுக்கல், ஒட்டுத்தாள், கிழிசல் ஆகியவை விலையைக் குறைக்கும். விற்காத சரக்கைத் தள்ளிவிடும்போது மறுபடி முழு விலைக்குத் திருப்பித் தராமல் இருக்க நிறுவனங்கள் லேபிளில் சிறு துளை போட்டுவிடுவதுண்டு. அதுவும் சற்றே குறைக்கும். ஆனால் பழைய வானொலி அறிவிப்பாளர் எழுதிய தேதியும் நிலைய முத்திரையும் போலி அல்ல என்பதற்குத் துணைச் சான்றாகவும் அமையக்கூடும். ஆகவே வாங்கிய கையோடு அவற்றைத் துடைத்து அழிக்க முயல்வது அறிவுடைமையன்று.

விலையை எப்படி அறிவது? 2000-ஆம் ஆண்டில் கெவின் லெவாண்டோவ்ஸ்கி தொடங்கிய டிஸ்காக்ஸ் தளத்தில் ஒவ்வொரு தட்டின் ஒவ்வோர் அச்சுக்கும் தனித்தனிப் பக்கம் இருக்கிறது. இதுவரை விற்ற குறைந்த, இடைநிலை, உயர்ந்த விலைகள் அங்கே தெரியும். முடிந்துபோன ஏலங்களின் விலைகளைத் தொகுத்து வைத்திருக்கும் பாப்சைக் தளமும் உதவும். ஒருவர் கேட்கும் விலை வேறு, ஒருவர் கொடுத்த விலை வேறு என்பதைப் புதியவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். ஐந்நூறு பவுண்டு என்று எழுதி வைத்து மூன்று ஆண்டுகளாகக் கொள்வாரில்லாமல் கிடக்கும் தட்டின் விலை ஐந்நூறு பவுண்டு அன்று. விற்ற விலையிலும் ஒன்றை மட்டும் நம்பலாகாது. இருவர் வீம்புக்கு ஏலம் கேட்ட இரவில் பதிவான விலை மறுமுறை வராமலே போகலாம். எங்கோ ஒரு கிடங்கில் கட்டுப் பிரிக்காத பெட்டியொன்று அகப்பட்டு இருபது பிரதிகள் ஒரே மாதத்தில் சந்தைக்கு வந்தால், நேற்றைய அரிய தட்டு இன்றைக்குச் சாதாரணமாகிவிடும். இதனால்தான் முதலீடு என்ற எண்ணத்தோடு இதில் இறங்குகிறவரை நான் ஊக்குவிப்பதில்லை. பிடிக்காத பாட்டின் விலை விழுந்தால் கையில் மிஞ்சுவது பிளாஸ்டிக்தான்.

எங்கே வாங்குவது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெயர்பெற்ற விற்பனையாளரிடம் விலை கூடுதலாக இருக்கும்; அந்தக் கூடுதல் பணம், போலியானால் திருப்பி எடுத்துக்கொள்வார் என்ற உறுதிக்குக் கொடுப்பது. இங்கிலாந்தின் ஜான் மேன்ஷிப் போன்றவர்கள் விலைக் கையேடுகளை வெளியிட்டு, ஏலமும் நடத்தி, இந்தத் துறையின் அளவுகோலாகவே ஆகியிருக்கிறார்கள். இணைய ஏலத்தில் மலிவாகக் கிடைக்கலாம். மேட்ரிக்ஸ் வளையத்தின் படத்தை அனுப்பச் சொல்லி, அனுப்ப மறுப்பவரை விட்டுவிட வேண்டும். நேரில் பெட்டியைப் புரட்டித் தேடும் வாய்ப்புக் கிடைத்தால் அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர் தபால் செலவையும் சுங்க வரியையும் முன்பே கூட்டிப் பார்த்துவிட வேண்டும். சிறு விலைத் தட்டுக்கு அவை தட்டின் விலையையே தாண்டிவிடும். தொடக்கத்தில், நடன மன்றங்களில் பெயர்பெற்று, ஆனால் ஏராளமாக அச்சானதால் மலிவாகவே கிடைக்கும் பாடல்களை வாங்குவது நல்லது. டோபி கிரேயின் ‘அவுட் ஆன் த ஃப்ளோர்’ அத்தகையது. பெரும் பணம் போடுமுன், அசல் தட்டு கையில் எப்படி இருக்கும் என்று விரல்களுக்குப் பழக்கம் வர வேண்டும்.

விற்பது வாங்குவதைவிடக் கடினம். விற்பனையாளரிடம் மொத்தமாகக் கொடுத்தால் ஒரே நாளில் பணம் வரும், ஆனால் சந்தை விலைக்குக் கணிசமாகக் குறைவாகத்தான் வரும். அவர் கடை வாடகையும் காத்திருப்பும் அதில் அடங்கும். ஒவ்வொன்றாகத் தாமே விற்றால் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் தரம் குறித்த வாக்குவாதங்களும் தபால் நிலைய வரிசையும் உடன் வரும். தரத்தை அரைப் படி குறைத்தே சொல்லி விற்பவர்தான் இந்த வட்டத்தில் நிலைக்கிறார். வாங்கியவர் எதிர்பார்த்ததைவிட நல்ல தட்டு கைக்கு வந்தால் மறுபடி தேடி வருவார். அனுப்பும்போது தட்டைக் காகித உறையிலிருந்து வெளியே எடுத்துத் தனியாகப் பாதுகாப்புறையில் இட வேண்டும். இல்லாவிட்டால் பயணக் குலுக்கலில் தட்டின் விளிம்பு பழைய காகித உறையின் ஓரத்தைக் கிழித்துவிடும். இருபுறமும் தட்டைவிடப் பெரிய கனத்த அட்டைகளை, ஒன்றன் நெளிவு மற்றொன்றுக்குக் குறுக்காக இருக்கும்படி வைத்துக் கட்ட வேண்டும். ஸ்டைரின் வளையாது, உடையும்.

பெற்றோரோ மாமாவோ விட்டுச்சென்ற தட்டுப் பெட்டி கைக்கு வந்து, அதை என்ன செய்வது என்று தெரியாமல் இதைப் படிக்கிறவர்களும் இருக்கலாம். அவர்கள் முதலில் செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. துடைக்க வேண்டாம், உறைகளை மாற்ற வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். வெயில் படாத இடத்தில் செங்குத்தாக நிறுத்தி வைத்தால் போதும். அவற்றின் நடுவே, அலுமினியத் தகட்டின் மேல் கறுப்புப் பூச்சுப் பூசிய, கையெழுத்தில் பெயர் எழுதிய கனத்த தட்டு ஏதேனும் இருந்தால், அது பெரும்பாலும் ‘அசிடேட்’ எனப்படும், ஒலிக்கூடத்தில் ஒன்றிரண்டே வெட்டப்பட்ட சோதனைத் தட்டாக இருக்கும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அதன் பூச்சு கண்கூடாகத் தேயும். அது என்னவென்று தெரிந்த ஒருவர் பார்க்கும்வரை அதன் மேல் ஊசியை வைக்கக்கூடாது.